முகத்துக்குத் தடைக்காலம்

பங்குனிக் கடைசியில் வந்தன நான்கு குப்பிகள்.
கூரியர்க்காரன் பாலம் தாண்ட மாட்டேன் என்றான்;
மண்டபம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.
கழுவ ஒன்று, துடைக்க ஒன்று,
இரவில் மூன்று சொட்டு ஒன்று,
வெயிலில் இறங்குமுன் பூச ஒன்று.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.
எத்தனை பார் ஐஸ் என்று
மனம் தானாகக் கணக்குப் போட்டது.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
பதினோரு வருஷமாக அதுதான் என் வேலை.

முதல் ராத்திரியே சுரீர் என்றது.
கூட வந்த தாளில் போட்டிருந்தது:
லேசாக எரியும், பயப்பட வேண்டாம்,
எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள்.

நம்பினேன்.
இந்தக் கரையில் எரிவதெல்லாம் மருந்துதானே.
நண்டு கவ்விய விரலா, உப்புத் தண்ணியில் முக்கு.
திருக்கை முள்ளா, சூடு பொறுக்கும் மட்டும் வை.

மூன்றாம் நாள் மூக்கோரம் சிவந்தது.
ஐந்தாம் நாள் கன்னமெல்லாம் பொடிப்பொடியாக,
கூனி காயப்போட்ட பாய் மாதிரி.
ஏழாம் நாள் காற்றுப் பட்டாலே காந்தல்.
காற்றுப் படாத இடம் இந்தத் தீவில் எது?

"அவிச்ச நண்டு மாதிரி இருக்கீங்களேக்கா"
என்றான் படகு டிரைவர் ரீகன்.
பில் போடும் சகாயராணி
தனியே கூப்பிட்டு, அழுதியா என்றாள்.
இல்லை என்றேன், நம்பவில்லை.
சீரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது,
ஆமாம் அழுதேன் என்றுவிட்டேன்.
அன்று மதியம் அவள் டப்பாவிலிருந்து
கூடுதலாக இரண்டு துண்டு சீலா.

நொறுக்கும் மெஷினில் தெறித்த சில்லுகளைப் பொறுக்கி
கைக்குட்டையில் சுற்றிக் கன்னத்தில் வைத்தேன்.
மீன் கெடாமலிருக்க என்ன செய்வோமோ
அதை எனக்கும் செய்துகொண்டேன்.

ராமநாதபுரத்தில் தோல் டாக்டர்.
லென்ஸ் வைத்துப் பார்த்தார், இரண்டே நிமிஷம்.
"என்னென்ன போடுறீங்க?"
நான்கு பெயரையும் ஒப்பித்தேன்.
"அதுக்கு முன்னாடி?"
"ஒண்ணும் போட்டதில்ல மேடம்."
"அதையே போடுங்க, ரெண்டு மாசம்."
ஒன்றும் இல்லாததற்கு நானூறு ரூபாய் ஃபீஸ்.

திரும்பி வந்தால் ஜெட்டியில் விசைப்படகுகள்
ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன.
அன்றுதான் தடைக்காலம் ஆரம்பம்.
அறுபத்தொரு நாள் வலை போடக் கூடாது.
எனக்கும் எதுவும் போடக் கூடாது.

மெஷின் ஓடாத கம்பெனியில்
என் பேனாச் சத்தம் எனக்கே கேட்டது.
வெளியே ஆட்கள் படகின் பழைய பெயின்ட்டைச்
சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
என் தாடையும் செதில் செதிலாக உரிந்தது.
நான் மட்டும் சுரண்டக் கூடாது.
கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.

இரவுச் சொட்டுக் குப்பியை இன்னாசிமுத்து கேட்டார்,
ஐஸ் தள்ளித் தள்ளிப் பிளந்த குதிகாலுக்கு.
ஒரு வாரம் கழித்து வந்து சொன்னார்:
"எரியவே இல்லயேம்மா. போலிச் சரக்கா?"

ஏன் வாங்கினாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
நாற்பத்திரண்டு வயதில் ஒரு சாயங்காலம்
டோக்கன் ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் கடல் தகதக என்றிருந்தது.
கொஞ்சம் எனக்கும் என்று தோன்றியது,
அவ்வளவுதான்.

வைகாசி முடிந்தது. நேற்று மெஷின் ஓடியது,
காது அடைக்கிற அந்தச் சத்தம்.
இன்று காலை படகுகள் புறப்பட்டுப் போயின.
நாளை விடியும்போது திரும்பும்,
எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்றைத் திறந்து
காதுக்குப் பின்னால் ஒரே ஒரு சொட்டு வைத்தேன்.
ஒரு ராத்திரி, ஒரு பகல் பொறுத்துப் பார்க்க வேண்டும்.
இந்த முறை எரிந்தால்
எரிகிறது என்றுதான் பொருள்.

மணி ஒன்பதேகால்.
இதுவரை ஒன்றுமில்லை.