ஒன்று பாக்கி

பல்லடத்தில் பனியன் கம்பெனி மாடி.
பதினெட்டு நாள் தண்ணீர் குடித்த தளத்துக்கு
இன்று முட்டுப் பிரிப்பு.

ஆப்பைத் தட்டியதும்
முதல் சவுக்கு தளர்ந்தது.
அண்ணாந்தபடி ஒருவரும் மூச்சு விடவில்லை.
நின்றது தளம்,
தகட்டின் துருவெல்லாம் அதன் வயிற்றில்.

வாடகைக்கு விட்டவன் நான். எண்ணி ஏற்றினேன்.
இருநூற்றுப் பத்தில் ஒன்று குறை.
மேஸ்திரி கையை விரித்தார்.

பின்னால், தார்ப்பாய்க் கொட்டகைக்குள்,
நட்ட நடுவே
என் நீல வளையம் போட்ட கம்பு.
ஆணியில் தூக்குப்போசி. அடியில் உலை.
கம்பி கட்டும் பாவாயி நிமிராமலே சொன்னாள்:
"சோறு வடிச்சர்றேனுங், அப்பறம் உருவிக்குங்க.
காத்துக்குக் கூரை உக்காந்துருதுங்."

பாலக்காட்டுக் காற்று
தார்ப்பாயைத் தூக்கிப் போட்டது.

பில்லில் எழுதினேன்:
முட்டு ஒன்று பாக்கி. தளம் இன்னும் இறுகவில்லை.
வாடகை யார் பேரில் என்கிற இடம்
அப்படியே கிடக்கிறது.