எடைமேடை

எண்ணெய் ஆலை வாசலில் எடைமேடை,
அதன் கண்ணாடிக் கூண்டில் நான்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறினால் ஒரு கணக்கு,
கொட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு கணக்கு.
நடுவில் உள்ளதற்குத்தான் காசு.

இரவு ஷிப்டில் ரேடியோ உண்டு.
வியாழக்கிழமை நேயர் விருப்பம்.
தைப்பிங் சவரிராஜ் பாடுவார்:
கித்தார், கௌபாய் தொப்பி எல்லாம் வெளியூர்,
பாட்டு மட்டும் நம்ம மண்சாலை.
மழையில் வழுக்கும் லோரி, கடன் சொன்ன தே தாரிக்,
வீட்டுக்குப் போகாமலிருக்க
ஒருவன் தேடித் தேடிச் சொல்லும் காரணங்கள்.
அந்தக் குரலில் ஒரு கரகரப்பு,
மேட்டில் கியர் மாற்றும்போது வருமே, அது.

ஒருத்தி கேட்டால் போடமாட்டார்கள்.
ஊரே கேட்டால் போடுவார்கள்.
"அண்ணே, கைப்பேசியைக் கொஞ்சம் கொடுங்க."
முள் ஆடி நிற்பதற்குள் ஒரு குறுஞ்செய்தி.
பகாவிலிருந்து தவசிமுத்து,
பகாவிலிருந்து பாண்டுரெங்கன்,
பகாவிலிருந்து அஸ்மான்.
நேப்பாளி தில் பகதூர்கூட
நல்ல தமிழில் சவரிராஜைக் கேட்டான்.
ஒன்பது வருசம், பதினேழு பெயர்.
என் பெயரில் ஒருதடவைகூட இல்லை.
வீட்டிலும் ஒரு ரேடியோ இருக்கிறது,
அதைக் கேட்கிற ஆளும் இருக்கிறார்.

போன மாதம் அவரே வந்தார்,
சமூக மண்டபத்துக்கு.
முந்நூறு நாற்காலி.
வந்தவர்கள் நாற்பத்தொன்று,
அதில் எட்டுப் பேர் ஒலிபெருக்கிக்காரர் குடும்பம்.
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே
ஒரு விரல்கடை உயரத்தில் பாடினார்.
ஒரு பாட்டையும் குறைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் போனேன்.
தொப்பியைக் கழற்றியிருந்தார்.
நெற்றியில் சிவப்பாய் ஒரு வட்டக் கோடு.
ஆறிப்போன மீகூன் பொட்டலம் மடியில்.
ஒன்பது வருசமாய் நான் திருத்தித் திருத்தி வைத்த
ஒரு வாக்கியம் இருந்தது.
அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"பகாவ்னா எனக்கு ஒரு தைரியம்மா.
வாராவாரம் இந்த ஊர்ப் பேர்தானே வருது.
கூட்டம் சேராதுன்னு எல்லாரும் சொன்னாங்க,
நான்தான் கேக்கல.
அந்தத் தவசிமுத்து வந்திருக்காரா?
அஸ்மான்னு ஒருத்தர், மலாய்க்காரர்,
அவருக்கு எப்படிப் பிடிச்சதுன்னு கேக்கணும்."

வாக்கியத்தை விழுங்கினேன்.
"எல்லாருக்கும் இன்னைக்கு ஷிப்ட் அண்ணே.
இந்த மாசம் பழம் ஜாஸ்தி."

"அவங்களத் தெரியுமா?"

"பாரத்தோடயும் தெரியும்,
வெறும் வண்டியாவும் தெரியும்."

சிரித்தார். பல்லிடுக்கில் கீரை.
என் கைப்பையில் பழைய எடைச்சீட்டுகள் கிடந்தன.
பின்பக்கம் திருப்பி நீட்டினேன்.
நான் பெயர் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றாய் எழுதினார்:
அன்புடன் தவசிமுத்துவுக்கு,
அன்புடன் தில் பகதூருக்கு.
பதினோராவதில் பேனா மக்கர் செய்தது,
உதறி உதறி எழுதினார்.
பதினேழு முடிந்ததும் நிமிர்ந்தார்.
"உங்க பேரு?"

"செங்கமலம்."

எழுதப் போனவர் நிறுத்தினார்.
"இந்தப் பேர ரேடியோவில கேட்டதே இல்லியே."

"இல்லண்ணே," என்றேன்.
"எனக்குப் பாட்டுன்னா அவ்வளவா..."
மீதியை மின்விசிறி கொண்டுபோனது.
அவர் என்னையே பார்த்தார்,
கொஞ்சம் அதிக நேரம்.
பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று
பேருந்தில் ஏறும்வரை பார்க்கவில்லை.
ஏறிய பிறகும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் அஸ்மான் லோரி மேடையில் ஏறியது.
சீட்டை நீட்டினேன்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்து
யார் இது என்றார் மலாயில்.
"உங்களுக்குப் பிடித்த பாடகர்."
"எனக்கா?"
"ஒன்பது வருசமாக."

தலையைச் சொறிந்தார்.
முன்கண்ணாடி ஓரத்தில் சொருகிக்கொண்டார்.
அப்படியானால் எனக்குப் பிடித்த பாட்டை
நானும் கேட்க வேண்டாமா,
ஒரு வரி பாடு என்றார்.

பின்னால் நான்கு லோரி. ஹார்ன்.
கூண்டுக்குள் ஒரு மைக் இருக்கிறது.
முன்னால் வா, நிறுத்து, போ:
இதைத் தவிர வேறெதுவும்
அதில் நான் சொன்னதில்லை.