சாதனை விவரம் (ஐம்பது சொற்களுக்கு மிகாமல்)

பல்கலைக்கழகச் சுற்றறிக்கை செவ்வாயன்று வந்தது.
முன்னாள் மாணவர், ஆய்வாளர், வளாகத்தார்
யாவர் சாதனையும்
வெள்ளி மாலை ஐந்துக்குள், நான்கு பத்திகளில்:
பெயர், ஆண்டு, சாதனை, ஆதாரம்.
ஆதாரம் இல்லாதவை ஏற்கப்படா.

தருமபுரியில் மழை ஏய்த்த ஆவணி.
நான் பிரிவு எழுத்தன். நிரப்பத் தொடங்கினேன்.

ஓசூரில் பல்சக்கரம் செய்யும் ரங்கப்பா,
தொண்ணூற்றெட்டு, இயற்பியல்,
தன் கட்டடத்தை ஏழு கோணங்களில் அனுப்பியிருந்தார்.
ஈட்டி எறியும் ஷாகிரா பானு
எறிந்த தூரத்தை மட்டும் குறுஞ்செய்தியில்:
"நாப்பத்தொம்பது மீட்டர் சொச்சம் சார்."
இரவுக் காவலர் திம்மராயன் ஜன்னலில் நின்றார்.
"குரூப் நாலு பாஸ் பண்ணிட்டேன்.
நானும் வளாகத்தான்தானே?"
வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
கணக்குப் போட்டுப் பழகியவர்.
அதுதான் அவர் ஆதாரம்.
இணைத்தால் தணிக்கையில் மாட்டுவோம், இருவரும்.

பிறகு தி. முனிலட்சுமி, வேதியியல், முனைவர்.
அவள் எழுதியது ஒரே வரி:
"ஒரு அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது."
நான்காம் பத்தி காலி.

அவளைத் தெரியும் எனக்கு.
பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் என்று
ஆறு வருடம் டவுன் பஸ்ஸில்
பாட்டில் பாட்டிலாய்த் தண்ணீர் சுமந்தவள்.
"உள்ள என்னம்மா, சரக்கா?" என்றார் ஒரு கண்டக்டர்.
"உங்க பல்லுல இருக்கே, அதுதாண்ணா."
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே
ஊர் வரை வந்தார் மனிதர்.

மூடிகளில் எண் எழுத மாட்டாள்.
அடித்துக் கொடுத்தவர் பெயர்தான்:
கெம்பம்மா. மாதையன் வீடு. சத்துணவு அக்கா.
ஆய்வகத்தில் அவை வரிசையாய் நிற்கையில்
ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பது போலிருக்கும்.
கெம்பம்மாவில் ஃபுளோரைடு
லிட்டருக்கு நாலு புள்ளி ஆறு மில்லிகிராம்.
கட்டுரை எங்கோ வெளிவந்தது.
அதற்குத் தனிப் படிவம் உண்டு.

வியாழன் அரைநாள் விடுப்பு போட்டு
ஆதாரத்தைப் படமெடுக்க நானே போனேன்.
பம்பு இருந்தது. அதில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.
"எவளோ படிச்சவ வந்து புடுங்கிட்டுப் போனா,"
குடத்தோடு நின்றவள் சொன்னாள்.
"ஒகேனக்கல் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது.
வராத நாளைக்கு அவளா வந்து ஊத்துவா?"
பேசும்போது முந்தானையால் வாயை மறைத்தாள்.

அதை வெட்கம் என்று நினைப்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
எங்கள் குழுப்படங்களைப் பாருங்கள்:
எண்பது பேர், ஒரு சிரிப்பு கிடையாது.
மூன்றாம் வரிசையில்
உதட்டை இறுக்கிக்கொண்டு நான்.

பம்படியில் நின்றே அவளுக்கு போன் செய்தேன்.
ஆண்டு என்ன போடட்டும்?
"கழட்டி ஏழு வருஷம் ஆச்சு.
ஆனா அதைப் போடாதீங்கண்ணா.
அதுக்கப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு
இப்பதான் முன்பல்லு விழுது.
முளைக்கிறது என்ன நிறம்னு பாத்துட்டுப் போடுங்க."

எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன்
விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து
கூரைமேல் எறிந்தான்.
ஓட்டில் உருண்டு காலடிக்கே திரும்பியது.
மறுபடி எறிந்தான்.
வாயைக் காட்டச் சொன்னேன்.
ஈறு மட்டும், சிவப்பாய்,
நடுவில் ஏதோ முட்டிக்கொண்டிருந்தது.
வெயிலில் சரியாகத் தெரியவில்லை.

வெள்ளி, மணி நாலு ஐம்பது.
ஆதாரம் என்ற பத்தியில்
"பின்னர் அனுப்பப்படும்" என்று எழுதிக் கொடுத்தேன்.
திங்களன்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது,
ஓரத்தில் சிவப்பு மையில்
ஒரே சொல்:
எப்போது?