புழுவின் பங்கு

என் கையில் நானே ஊசி குத்தினேன்,
ஆளில்லாத மத்தியானம், லேபின் மூலையில்.
சர்க்கரை எல்லையில் நின்றது.
கொழுப்பு எல்லையைத் தாண்டிக்
கால் நீட்டிப் படுத்திருந்தது.
வருகிறவர்களுக்குச் சொல்வதை எனக்கும் சொன்னேன்:
சோற்றைக் குறை, காயைக் கூட்டு.

எந்தக் காயை?

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்
மாடியில் புதுக் கடை. ஏறும்போதே குளிரும்.
சணல் பை, மரத்தட்டு,
பச்சை இலை வரைந்த முத்திரை.
பீன்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன்.
ரசாயனம் இல்லை.
விளைந்தது நாசிக்.
கால் கிலோ நூற்றிப்பத்து.
மூன்று நாள் லாரியில் படுத்து வந்த பீன்ஸ்
என்னைவிடக் களைத்திருந்தது.
வாங்கினேன்.

கீழே இறங்கினால் சந்தை.
சுவர்ணபாய் சாக்கு விரித்து
வள்ளிப்பயறைக் கூந்தல் போலக் கோதிக் கட்டுகிறாள்.
குமாரகோவில் ஏலாவில் காலையில் பறித்தது,
ஒடித்தால் இன்னும் நீர் கசிகிறது.
ஒரு புள்ளி இல்லை, ஓர் ஓட்டை இல்லை.
அந்த அழகுதான் பயமாக இருந்தது.

"மருந்து அடிச்சதா அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம்.
பக்கத்துச் சாக்குக்காரர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்,
"நம்ம நாட்டுக்காயாக்கும், சுத்தம்" என்று.
அவள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு,
"அடிக்காம வள்ளிப்பயறு உண்டா பிள்ளே?
வாரத்துக்கு ரெண்டு, மழைன்னா மூணு.
அசுவினி ஒட்டினா ஒருத்தரும் கையில எடுக்கமாட்டாவ.
வீட்டுக்குன்னு கிணத்தோரம் நாலு மூடு தனியா நிக்கி."

"அதுல இருந்து தாங்களேன்."

"அது விக்கதுக்கில்ல.
பாதி புழுவுக்கு. மீதி எனக்கும் அவருக்கும்."

அவருக்கு.
அப்போதுதான் நினைவு வந்தது.
ஆவணியில் ஒரு சாயங்காலம்,
ஜஸ்டஸ், வயது ஐம்பத்திமூன்று,
கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி,
வாயில் நுரை,
சட்டையில் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி,
தோளில் மருந்துத் தெளிப்பானின் வார் பதிந்த தடம்.
நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன்.
கோலினெஸ்ட்ரேஸ் என்று ஒரு கணக்கு.
ஐயாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது
எண்ணூற்றிச் சொச்சம்.
மிஷின் கெட்டதென்று நினைத்து மறுபடி ஓட்டினேன்.
அதே எண்.
வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது
இவள்தான்.

என் தட்டில் என்ன விழுமென்றே
இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
என் வாய்க்கு வருமுன்
இந்தப் பயறு ஓர் ஆளைத் தின்று பார்த்திருக்கிறது.

"இப்ப எப்படி இருக்கார்?"

"இருக்காரு. கைநடுக்கம்.
இப்ப மருந்து நானாக்கும் அடிக்கேன்."

லேபுக்கு வரச் சொன்னேன், வெள்ளிக்கிழமை, காசு வேண்டாமென்று.
பிறகு, எதற்கென்று தெரியாமலே,
"எனக்காக ஒரு வரிசை அடிக்காம விடுவீங்களா?
புள்ளி விழுந்தாலும் எடுத்துக்கிறேன்" என்றேன்.

அவள் என் பையைப் பார்த்தாள்.
நாசிக் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புழு தின்னதுக்கும் சேத்து ரூவா தருவியா?"

"எவ்வளவு?"

"கிலோ நூத்தம்பது."

கொள்ளையாயிருக்கே என்று
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது,
மாடியில் கால் கிலோவுக்கு நூற்றிப்பத்து கேட்டபோது
அசையாமல் கிடந்த அதே நாக்கு.
விழுங்கினேன்.
அன்று நான் சாப்பிட்டதில் அதுதான் உடம்புக்கு நல்லது.

ஏழாவது வாரம் வந்தது முதல் கட்டு.
கோணல், கரும்புள்ளி, ஒன்றுக்கொன்று நீளம் சேராமல்.
சேம் எட்டிப் பார்த்து, "காசு குடுத்தா வாங்கின?" என்றார்.
என் கொழுப்பு இதனால் இறங்குமா, தெரியாது.
அவளுடைய எண் மூவாயிரத்து இருநூறு.
அதை ஒரு தாளில் எழுதி
அரிசிப் பானை மூடிக்கடியில் வைத்திருக்கிறேன்.

நறுக்கும்போது ஒரு பச்சைப் புழு
நடுவிலிருந்து தலை தூக்கிப் பார்த்தது,
வாடகை கொடுத்த வீட்டில்
யார் கதவு தட்டுவது என்பது போல.

கத்தியைத் தள்ளிவைத்து
ஜன்னல் வழியே முருங்கைமேல் விட்டேன்.