சொல்லுக்கு நாற்பது காசு

லெபோ பந்தாயில், பழைய வங்கிக்கு மேலே
இரண்டாம் மாடி.
குளிர்சாதனம் சொட்டும் இடத்தில் ஒரு மைலோ டின்.
முகல்லாவிலிருந்து வந்த அதிகாரப் பத்திரம்
நான்கு முத்திரைகளோடு மேசையில் கிடக்கிறது.
லெபோ ஆச்சேயில் ஒரு கடைவீடு. விற்க வேண்டும்.
அவ்வளவுதான் விஷயம்.
அதைச் சொல்ல அந்த எழுத்தர்
ஒன்றரைப் பக்கம் குனிந்து நிமிர்ந்திருக்கிறார்.

மாண்பும் மேன்மையும் மிக்க,
வள்ளல் குலத்து வள்ளல், ஷேக்
யஸ்லம் பின் ஆபித் பாஹம்மாம் அவர்கள்,
அல்லாஹ் அவரைக் காப்பானாக,

தமிழில் என்றால் மூச்சு விடாமல் வந்துவிடுகிறது.
கல்யாணப் பத்திரிகைகளைச் சத்தமாகப் படித்துப்
பழகிய நாக்கு.
ஒரே ஆளுக்கு ‘அவர்கள்’ என்று
ஊரையே துணைக்கு நிறுத்தும் மொழி.
ஆங்கிலத்தில் ஷேக் யஸ்லம்
முதல் வரியில் மிஸ்டர்,
மறுவரியில் வெறும் ‘ஹீ’.
நீதிபதிக்கும் அதே ஹீ,
கீழே கார் நிறுத்தச் சீட்டுக் கிழிப்பவனுக்கும் அதே ஹீ.
அதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.
ஆனால் யாரும் எழுந்து நிற்பதில்லை.

மனைவியின் பெயர் எங்கும் இல்லை.
‘காக்கப்பட்ட அவரது இல்லத்தார்’ என்று ஓரிடம்.
மகள் வரும் இடத்தில் ‘கரீமா’:
கண்ணியமானவள் என்றால் போதும்,
மகள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.
நான் டாட்டர் என்று அடித்தேன்.
அடித்த கையோடு சற்று நேரம் திரையைப் பார்த்தேன்.

“எதிலிருந்து காக்கப்பட்டவர்?
அவருக்குக் கையெழுத்துரிமை உண்டா இல்லையா?”
வழக்கறிஞர் கோ சூ பின் கேட்டார்.
முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.
இரண்டாவதற்கு மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்:
நீல மையில் ஒரு பெருவிரல்,
ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக,
பெயர் மட்டும் இல்லாமல்.

கடைசி வரியில்தான் சிக்கல்.
எழுதியவன், தன் ரப்பின் மன்னிப்பை நாடும் ஏழை,
உமைர் பின் சயீத்.
மிஸ் கோ பேனாவைக் கீழே வைத்தார்.
“ஏழையா? திவாலானவரா?
இவர் சாட்சி செல்லுமா?”
சிரித்துவிட்டேன்.
பிறகு சிரிப்பை விட்டுச் சொல் தேடினேன்.
என்னிடம் அது இருந்தது, நான்கே எழுத்தில்.
அடியேன்.
உமைர் நேரே வந்து அதற்குள் உட்கார்ந்தான்,
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
மிஸ் கோவுக்குத் தமிழ் தெரியாது.
லெபோ லைட் நீதிமன்றத்துக்கும் தெரியாது.

“சொல்லுக்கு நாற்பது காசு.
வாழ்த்துகள் மட்டும் பதினெட்டு வெள்ளி வருகிறது, பல்கீஸ்.
நீ நீட்டுகிறாய் என்பார் கட்சிக்காரர்.”
‘காப்பானாக’ இருந்த ஆங்கில வரியில்
பென்சிலால் கோடு போட்டார்.
ஒரே கோடு. கோபமில்லாத கோடு.

பத்திரத்தின் பின்னால் இன்னொரு தாள்
கிளிப்பில் மாட்டியிருந்தது.
பதினோரு நாள் கழித்த தேதி.
அதில் அவர் மர்ஹூம்.
எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லை
யாரும் மொழிபெயர்த்ததில்லை.
கொடுத்தவர் போனால் கொடுத்த அதிகாரமும் போகும்,
சட்டம் அப்படி.
கடைவீடு இனி வேறு வழக்கு.
ஆனாலும் கோப்புக்கு இது வேண்டுமாம், முழுதாக.
அந்தத் தாளில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது
அந்த ஒரு வாழ்த்து மட்டும்தான்,
பதினோரு நாள் முன்னால் நின்றுகொண்டு,
ஒன்றும் தெரியாமல்.

‘உண்மையும் முழுமையுமான மொழிபெயர்ப்பு
என உறுதியளிக்கிறேன்.’
இதன் கீழே என் முத்திரை விழ வேண்டும்.
முழுமை.
மிஸ் கோ மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.
வெட்டிய வரியின் கீழே, அதே பென்சிலால்,
புள்ளி வைத்தேன், ஒவ்வொன்றாக.
தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போகும்.
அரபியில் புள்ளி வைத்தால் எழுத்தே வேறாகும்.
பிழை திருத்துபவர்களின் வழக்கத்தில்
அடித்ததன் கீழே புள்ளி என்றால்,
இருக்கட்டும்.

பதினெட்டு வெள்ளியையும் பில்லில் சேர்த்தேன்.