செய்த வேலை

நூலகம் நிரம்பிவிட்டது.
முதியோர் இல்லத்துக்கு ஏற்கெனவே பதினொரு பேர்.
மிச்சம் நாய்க் காப்பகம்.
பட்டியலில் கடைசிப் பெயர் நான்,
தெக்லே, பத்தாம் வகுப்பு,
இடது கெண்டைக்காலில்
ஆறு வயதில் வாங்கிய நான்கு பல்தடங்களோடு.

நாற்பது மணி நேரம்.
ஒரு தாள், மூன்று கட்டம்:
தேதி. செய்த வேலை. பொறுப்பாளர் கையெழுத்து.

குத்தாயிசியில் அந்த ஜனவரி
பகலெல்லாம் சேறு, இரவெல்லாம் உறைபனி.
வேனில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி
டயர் கடையைத் தாண்டினால்
அப்புறம் குரைப்பே வழி சொல்லும்.

முதல் வாரம் எழுதினேன்:
கிண்ணம் கழுவியது, இரண்டு மணி.
குழாய் உறைந்துபோய்
கெட்டில் கெட்டிலாக வெந்நீர் சுமந்ததற்குக்
கட்டத்தில் இடமில்லை.
விற்காத ரொட்டியைப் பிய்த்து
எலும்புச் சாற்றில் ஊறவைத்தது, ஒன்றரை மணி.
கல்யாண மண்டபம் கழித்துக்கட்டிய
சிவப்பு வெல்வெட் திரைகளைக் கத்தரித்தது, மூன்று மணி.
பதினெட்டாம் கூண்டில் இப்போது
சொறி பிடித்த கிழவன் ஒருவன்
சரிகைக் கரையில் தாடையை வைத்துத் தூங்குகிறான்,
மாப்பிள்ளை கணக்காய்.

திரும்பும் வேனில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
அம்மா வாசலிலேயே கோட்டைக் கழற்றி வாங்கி
பால்கனியில் தொங்கவிட்டாள்,
அதோடு இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோல்.

அல்ஜீப்ராவை எனக்கு யாரும் ஒதுக்கவில்லை.
போன வருஷத்துப் பையன்கள் வைத்த பெயர்.
கறுப்பு உடம்பு, சாம்பல் மூக்கு.
எந்நேரமும் மூலையில், சுவரைப் பார்த்தபடி.
ஆள் நகர்ந்த பிறகுதான் சோறு இறங்கும்.
லாரியிலிருந்து விழுந்ததா, தள்ளினார்களா,
வாஜாவுக்கே தெரியாது.
"உள்ளே போய் உட்கார்" என்றார்.
என்ன செய்யணும்?
"அதான். உட்கார்."

உட்கார்ந்தேன்.
அது சுவரைப் பார்த்தது.
நான் வாளியைப் பார்த்தேன்.
காலில் நான்கு தழும்பும்
ஒவ்வொன்றாய் விழித்துக்கொண்டன.
கூண்டுக்குள் இருந்த பயம் ஒன்றுதான்,
பங்கு போட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர்.
மூன்று மணி நேரம். எதுவும் நடக்கவில்லை.
கடைசியில் ஒரு கொட்டாவி.
யார் முதலில் விட்டது என்று ஞாபகமில்லை.

அன்றைக்குக் கட்டத்தின் மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
உட்கார்ந்திருந்தது என்று எழுத வெட்கம்.
காலியாக விட்டேன்.
வாஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
எழுதாததைப் படித்தார்.
கையெழுத்துப் போட்டார்.

மக்வாலா டீச்சருக்கு அது போதவில்லை.
பத்துக்கு ஒன்பது.
சிவப்பு மையில்: இந்த மூன்று மணி என்ன ஆயிற்று?

பிப்ரவரியில் அதற்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து,
காதில் மஞ்சள் வில்லை குத்தி
பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட்டார்கள்.
அதுதான் வழக்கம். கூண்டுகள் குறைவு, தெருக்கள் நிறைய.
எனக்கு அன்று இயற்பியல் தேர்வு.

மார்ச்சில் ஒருநாள் சந்தைக்கு எதிரே, சிக்னலில்
பைகளுக்கும் குடைகளுக்கும் நடுவே
மஞ்சள் வில்லை. நான்கு, ஒன்று, ஏழு.
எல்லாரோடும் சேர்ந்து
பச்சை விளக்குக்காக நின்றுகொண்டிருந்தது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அந்தப் பெயரை
அதனிடம் யாரும் சொல்லவில்லை போலும்.
விளக்கு மாறியது. கடந்து போனது.
மருந்துக்கடை வாசலில்
வெயில் ஒரு சதுரம் விழுந்திருந்தது,
அதற்குள் சரியாகச் சுருண்டது,
தெருவைப் பார்த்தபடி.

என் வேன் வந்தது. விட்டேன்.
அடுத்ததையும் விட்டேன்.
இந்தப் பக்கம், மூடியிருந்த செருப்புக் கடைப் படியில்
பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.
தாள் இல்லை, கட்டம் இல்லை.
கொஞ்ச நேரத்தில்
எனக்குக் கொட்டாவி வந்தது.