ஒன்றரை டன்

துளை போடவே ஒரு பகல் போய்விட்டது.
கிருஷ்ணராயர் தெப்பக்குளம் தெரு,
செங்கல் சுண்ணாம்புச் சுவர், இரண்டடிக்குக் கொஞ்சம் கூட.
என்னிடம் இருந்த நீள பிட் பதினாறு அங்குலம்.
உள்ளேயிருந்து பாதி, வெளியேயிருந்து பாதி,
நடுவில் சந்தித்துவிடும் என்று குறி போட்டேன்.
மூன்று விரல் தள்ளிப் போயிருந்தது.

ஷாகுல், மூக்கில் கட்டிய துண்டோடு,
கொட்டிய வெள்ளைத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தான்.
"சில்லுன்னு இருக்குண்ணே."
சுவருக்கு நடுவில்
சித்திரை இன்னும் வந்து சேரவில்லை.

அறைக்குள் வந்திருந்தது.
கோவர்த்தனன் மகள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப்
பகலில் தூங்க வேண்டிய அறை.
ஜன்னலில் ஈரத் துண்டு,
டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஒரு குண்டாத் தண்ணீர்,
இப்படியே மூன்று கோடை ஓட்டியிருக்கிறாள்.
தேக்கு உத்திரத்து ஃபேன்
மேலே தேங்கிய அனலைக் கடைந்து
கீழே பரிமாறிக்கொண்டிருந்தது.

காற்று ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை.
முற்றத்தின் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர்,
ஏழடி, பூசாமல் விட்டது.
இந்தப் பக்கம் தகரக் கூரை.
அந்தப் பக்கம் தம்பி தாமோதரன்.

மெயின் போர்டைத் திறந்தேன்.
மரப்பட்டிக்குள் துணி சுற்றிய பழைய கம்பி;
தொட்டதும் உறை பொடிப்பொடியாய் உதிர்ந்தது.
பீங்கான் ஃபியூஸில் யாரோ
நாலு இழையை முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.
இதில் ஒன்றரை டன்னைக் கொடுத்தால்
ராத்திரியே பற்றிக்கொள்ளும் என்றேன்.
கோவர்த்தனன் விலை கேட்டார். சொன்னேன்.
"ஏசியைவிட வயருக்கு அதிகமா?"
ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

புது வயர், புது எம்சிபி, நாலு நாள்.
கடைசியில் மீட்டரை வைத்தால்
நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே முப்பத்தெட்டு வோல்ட்.
குளித்த கையோடு ஃபிரிட்ஜைத் தொட்டால்
சுரீர் என்னும், பழகிவிட்டது என்றார்கள்.
எர்த் குழி எங்கே?
மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

தாமோதரன் வாசலில் நான்தான் போய் நின்றேன்.
கரியும் உப்பும் வறண்டு, குழி
துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால்
வாய் பிளந்து கிடந்தது.
"எங்களுக்கும்தாங்க அடிக்குது" என்றார் ரமாபாய்.
தாமோதரன் செய்தித்தாளை இறக்கவில்லை.
தினம் ஒரு வாளி ஊற்றினால் போதும் என்றேன்.
"யாரு ஊத்துறது?"
தாளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வடிகுழாயை எந்தப் பக்கம் இறக்குவது என்று
அதுவரை நான் முடிவு செய்திருக்கவில்லை.
தெருப் பக்கம் விட்டால் போகிறவர் தலையில் சொட்டும்.
தண்ணீர் சுவர் ஏறாது.
அடிவரிசையில் ஒரு கல்லை மட்டும் துளைத்துக்கொள்ளட்டுமா என்று
இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.
கோவர்த்தனன் உள்ளே போய்விட்டார்.
தாளில் ஒரு பக்கம் திரும்பியது.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
அந்தச் சுவருக்கு இரண்டு நிமிடம் ஆனது.

அடுத்த வருஷம் சர்வீஸுக்கு
திருவிழாக் கூட்டத்தில் வண்டியை யானைக்கல்லில் போட்டுவிட்டு
பம்பைத் தோளில் சுமந்து நடந்தேன்.
காயிலைக் கழுவினேன். கேஸ் இறங்கவில்லை.
ஃபில்டரில் இன்னும் அந்த வெள்ளைத் தூள்.
மூடி ஓட்டிவிட்டதும் மகள் உள்ளே போனாள்,
உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு
"குட் நைட்ணே" என்று கதவைச் சாத்தினாள்.

அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.
குழாய் நுனி குழிக்கு நேராக, சொட்டுச் சொட்டாய்.
விலகிவிடாமல் இருக்க
அதன்மேல் ஓர் அரைச் செங்கல்.
நான் வைத்ததில்லை.
அண்ணனும் தம்பியும் பேசுகிறார்களா, தெரியாது.
இருநூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி
கோவர்த்தனன் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.
மீட்டரை வைத்தேன்.

மூன்று வோல்ட்.